ஹாட்டி மெக்டேனியலின் குரலையும் கேட்கச் செய்யுங்கள்: ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

அகாடமியின் ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம். 2009ஆம் ஆண்டு உங்கள் மேடையில் ஏ.ஆர்.ரகுமான் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்ன நாள் முதல், ஆஸ்கர் பற்றிப் பேசும் உரிமை எங்களுக்கும் கொஞ்சம் உண்டு என்று நினைத்துக்கொள்ளும் திரை ரசிகர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 1 அன்று ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் ஓர் ஆஸ்கர் விருதுப் பட்டயத்தை வழங்கினீர்கள். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டேனியல் தமது விருதை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே உயிலெழுதி வைத்திருந்தார். பின்னர் அது காணாமற்போயிற்று. அதற்கு ஈடாக வேறொன்றைச் செய்து கொடுத்தது நல்ல காரியம். ஆனால் மெக்டேனியலின் பெயர் அடிபடும்போதெல்லாம் பேச்சு, 'கான் வித் த விண்ட்' படத்துக்காக அவர் விருது வாங்கிய 1940 பிப்ரவரி 29ஆம் நாள் இரவுக்குத்தான் போகிறது: கறுப்பினத்தவரை அனுமதிக்காத அம்பாசடர் ஹோட்டல், தயாரிப்பாளர் கேட்டுப் பெற்ற சிறப்பு அனுமதி, சக நடிகர்களிடமிருந்து விலக்கிச் சுவரோரம் போடப்பட்ட சிறு மேசை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அவர் அந்த ஓர் இரவுக்காகப் பிறந்தவர் அல்லர். சிரிக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட தேர்ந்த கலைஞர் அவர். அந்தத் தொழில்திறனைப் பற்றி எவரும் விரிவாகப் பேசுவதில்லை என்பதே என் குறை.

கான்சாஸ் மாநிலத்தில், அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு மகளாகப் பிறந்த மெக்டேனியல், அண்ணன் நடத்திய நாடகக் குழுவில் தொடங்கி, சகோதரியோடு சேர்ந்து பெண்களே நடிக்கும் குழுவொன்றை நடத்தி, பிறகு இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி, டென்வர் நகரின் கே.ஓ.ஏ. வானொலியில் பாடியும் பெயர் பெற்றவர். 1929இன் பொருளாதார வீழ்ச்சி அவரை மில்வாக்கி அருகே ஒரு கேளிக்கை விடுதியின் கழிவறைப் பணியாளராக்கியது. 1931இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபோது, கே.என்.எக்ஸ். வானொலியில் அண்ணன் சாம் பங்கேற்ற நிகழ்ச்சியில் அவருக்கும் இடம் கிடைத்தது. 'ஹை-ஹாட் ஹாட்டி' என்ற அந்தப் பாத்திரம், தான் வேலைக்காரி என்பதையே மறந்து எசமானர்களை அதட்டும் பணிப்பெண். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பளமோ வயிற்றுக்குப் போதவில்லை. எனவே வானொலியில் அதட்டிவிட்டு, மற்ற நேரங்களில் உண்மையான வீடுகளில் உண்மையான பணிப்பெண்ணாகத் தலைகுனிந்து வேலை செய்தார். பின்னாளில் அவருடைய பணிப்பெண் வேடங்களை ஏளனம் செய்தவர்களில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்த்தார்கள்?

அவருடைய நகைச்சுவையின் உச்சம் என்று நான் சொல்வது நீங்கள் விருதளித்த படத்தில் இல்லை. 1935இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'ஆலிஸ் ஆடம்ஸ்' படத்தின் விருந்துக் காட்சியில் இருக்கிறது. வசதியான இளைஞனைக் கவர விரும்பும் நடுத்தரக் குடும்பம், இல்லாத பெருமையைக் காட்ட அன்று மாலைக்கு மட்டும் மலீனா என்ற பணிப்பெண்ணை அமர்த்துகிறது. புழுக்கம் தாங்காத நாளில் ஆவி பறக்கும் சூப். மலீனா வாயில் சூயிங்கம் மெல்லுகிறாள், தலையில் மாட்டிய வெள்ளைத் தொப்பி நழுவிக்கொண்டே இருக்கிறது, அவள் நடையில் அவசரம் என்பதே கிடையாது. மெக்டேனியலுக்கு அக்காட்சியில் வசனம் மிகக் குறைவு. அந்த வீட்டின் பாசாங்கு தனக்குப் புரிந்துவிட்டது என்பதை, தட்டை நீட்டும் வேகத்தாலும் பாதி மூடிய கண்களாலும் மட்டுமே சொல்லிவிடுகிறார். காத்தரின் ஹெப்பர்ன் எதிரே அமர்ந்திருக்கும்போதே நம் கண் அவரை விட்டு மலீனா பக்கம் போகிறது என்றால், அது தற்செயல் அன்று.

இனி 'பியூலா'. அமெரிக்க வானொலியில் பெரும்புகழ் பெற்ற இந்தக் கறுப்பினப் பணிப்பெண்ணுக்கு முதலில் குரல் கொடுத்தவர் மார்லின் ஹர்ட் என்ற வெள்ளையின ஆண். அரங்கிலிருந்த பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டென்று ஒலிவாங்கியின் பக்கம் திரும்பி அவர் பெண்குரலில் பேசியதும் அரங்கம் அதிர்ந்தது. வீட்டிலிருந்து கேட்டவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணமே தெரிந்திருக்க வழியில்லை. 1946இல் ஹர்ட் மறைந்த பின்னும் இன்னொரு வெள்ளையின ஆணையே நிறுவனத்தார் தேடிப் பிடித்தார்கள். 1947 நவம்பரில்தான் அந்தக் குரல் ஒரு கறுப்பினப் பெண்ணிடம் வந்து சேர்ந்தது. சொந்த வானொலித் தொடரில் நாயகியாக நடித்த முதல் கறுப்பினப் பெண் என்ற பெருமை மெக்டேனியலுக்குக் கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 1000 டாலர். கறுப்பினத்தவரின் பேச்சைத் திரித்துக் கேலி செய்யும் வழக்கில் பேசமாட்டேன் என்பதில் அவர் உறுதியாக நின்றார். கதைகள் பெரும்பாலும் சாதாரணமானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தச் சாதாரண வசனங்களுக்கு அவர் கொடுத்த நிதானத்தையும், சிரிப்பு வெடிக்கும் முன் விடுகின்ற ஒரு கண இடைவெளியையும் காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும்.

அவர் மீதான விமர்சனத்தை நான் மறைக்கச் சொல்லவில்லை. கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் வால்டர் ஒயிட், இத்தகைய வேடங்கள் சமூகத்தையே இழிவுபடுத்துகின்றன என்று ஹாலிவுட்டோடு போராடினார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வேடங்களை எழுதியவர்களும் பணம் போட்டவர்களும் யார் என்று கேட்காமல், நடித்தவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை. தவிர, வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் வீடு வாங்கிய கறுப்பினத்தவரை வெளியேற்ற வெள்ளையர்கள் தொடுத்த வழக்கை 1945இல் எதிர்கொண்டு வென்றவர்களில் அவரும் ஒருவர்.

1952இல் மார்பகப் புற்றுநோயால் அவர் மறைந்தபோது, அவர் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் இடம் தர மறுத்தது. 1999இல் அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. ஹாலிவுட் நடைபாதையில் வானொலிக்கு ஒன்று, திரைப்படத்துக்கு ஒன்று என அவர் பெயரில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவரை வானொலிக் கலைஞராகவும் மதிக்க வேண்டும் என்பது அந்த நடைபாதைக்குத் தெரிந்திருக்கிறது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் அருங்காட்சியகத்திலும் திரையிடல்களிலும் மெக்டேனியலைக் குறிப்பிடும் இடத்தில், சுவரோர மேசையின் கதையோடு 'ஆலிஸ் ஆடம்ஸ்' விருந்துக் காட்சியை முழுமையாகக் காட்டுங்கள். எஞ்சியுள்ள 'பியூலா' ஒலிப்பதிவுகளில் ஹர்ட்டின் குரலையும் மெக்டேனியலின் குரலையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யுங்கள். எந்த நிலையத்தில், எந்த ஆண்டில், யாருடைய பணத்தில் அவை ஒலிபரப்பாயின என்ற விவரத்தையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு திரை ரசிகன்