வடக்குக்கு நுளம்பு வேறு மாதத்தில்

ஆசிரியருக்கு,

டெங்கு என்றாலே கொழும்பு, கம்பஹா என்று யூன், யூலையில் பேச்சுக் கிளம்பும், அங்கே தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து காய்ச்சல் குறைந்ததும் பேச்சும் அடங்கிவிடும். 2017இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் பிடித்தபோதும் அப்படித்தான். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் எங்களுக்குப் பெருமழையே ஐப்பசி, கார்த்திகையில்தானே, காய்ச்சல் ஏறுவது மார்கழி, தையில். டெங்கைப் பரப்பும் நுளம்பின் முட்டை காய்ந்த கூரைப் பீலியிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுப் பீலிகளில் மாவிலை அடைந்து கிடக்கிறது, எட்டிப் பார்க்க ஆளில்லை. வீடு வீடாகப் பார்க்கும் வேலையை வடக்கு கிழக்கில் புரட்டாதியிலேயே தொடங்குங்கள். வாட்டில் கட்டில் நிரம்பிய பிறகு புகையடித்து என்ன பிரயோசனம்?

வாசகர், யாழ்ப்பாணம்