கையால் தைத்துக் கொடுத்தால் மட்டமாக நினைப்பார்களா?

அன்பு மருமகளே,

உன் தோழிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதென்று கேட்டு ரொம்ப சந்தோஷம். தொட்டில் போடுகிற அன்று ஏதாவது கையால் செய்து எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் "தாராளமாகச் செய்" என்று பதில் போட்டிருப்பேன். "எல்லாரும் வெள்ளிக் கொலுசும் கிஃப்ட் செட்டுமாக வரும்போது நான் மட்டும் தைத்த துணியோடு போய் நின்றால் கஞ்சம் என்று நினைப்பார்களோ அத்தை" என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தாயே, அதற்காகத்தான் இந்த நீளக் கடிதம். இந்தத் தயக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதனால் எல்லாரும் படிக்கிற இடத்திலேயே எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் காசுக் கணக்கைப் பேசிவிடுவோம். நல்ல மல் துணி, பருத்தி நாடா, நூல், உன் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார். ரங்கநாதன் தெருவில் பேரம் பேசினால் அதைவிடக் குறைந்த விலைக்கு ஜப்லா செட் கிடைக்கும். தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். கஞ்சம் என்று நினைக்கிறவர்கள் ஊசியில் நூல் கோத்தே இருக்கமாட்டார்கள். ஆக, மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் தைக்க உட்காராதே.

அதே நேரம், கையால் செய்துவிட்டோம் என்பதாலேயே ஒரு பொருள் நல்ல பரிசாகிவிடாது. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. காலி பாட்டிலுக்குப் பெயின்ட் அடித்து, சணல் சுற்றி, க்ளூ கன்னால் முத்து ஒட்டிக் கொடுக்கிறார்கள். வாங்கினவர் பாடு என்ன ஆகிறது? தூக்கிப் போடவும் மனசு வராது, வைக்கவும் இடம் இருக்காது. கொடுத்தவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தூசி தட்டி முன்னால் வைக்க வேண்டும். அது பரிசு மாதிரி வந்த வேலை.

உன் ஆச்சி காலத்து ஒயர் கூடையை நினைத்துப் பார். மத்தியானம் ரேடியோவைப் போட்டுவிட்டு, தெருப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பின்னுவார்கள். ஒருத்தி சிவன் கண் போடுவாள், ஒருத்தி நெல்லிக்காய் போடுவாள், தெரியாதவள் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவாள். நாத்தனாருக்கு ஒன்று, டீச்சருக்கு ஒன்று என்று கொடுப்பார்கள். அதை யாரும் ஷோகேஸில் வைத்ததில்லை. கத்தரிக்காய் சுமந்தது, ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க் சுமந்தது. கைப்பிடி அறுந்தால் பின்னினவளிடமே திரும்பி வரும், அவளும் அலுத்துக்கொண்டே சரி செய்து தருவாள். நீ செய்கிறதும் இப்படி உழைக்க வேண்டும்.

துணியைக் கையில் எடுத்துப் போவது மட்டம் என்கிற எண்ணமே நடுவில் வந்ததுதான். மஞ்சப்பையோடு பஸ் இறங்குகிறவனைப் பட்டிக்காட்டான் என்று சினிமாவில் சிரித்தார்கள். அதே பையைத்தான் கல்யாண வீடுகளில் பெயர் அச்சடித்துத் தாம்பூலத்தோடு கொடுத்தோம். கடைசியில் 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்க வேண்டி வந்தது.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். குழந்தை என்றால் என் முதல் ஓட்டு பழைய துணிக்குத்தான். நம் பக்கம் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடமாட்டார்கள், தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். சாஸ்திரம் என்று சொன்னாலும் காரணம் கைக்கே தெரியும். புதுப் பருத்தியில் கஞ்சி இருக்கும், விடவேண்டிய சாயம் இருக்கும், துவைத்தால் சுருங்கும். பல வருஷம் துவைத்த துணியில் இந்த மூன்றும் முடிந்துபோயிருக்கும். உன் அம்மாவிடம் நைந்துபோன சுங்குடிச் சேலை ஒன்று கட்டாயம் இருக்கும், கேட்டுப் பார். உன் தோழியின் பாட்டி சேலை கிடைத்தால் அதைவிட விசேஷம். அவள் அம்மாவிடம் ரகசியமாகக் கேள், தருவார்.

சேலை ஐந்தரை மீட்டர். முந்தானையை வெட்டித் தனியாக வைத்துவிடு. மீதியில் ஒரு கஜ நீளத்துக்கு நான்கு துண்டு எடுத்தால், நாலு மடிப்பில் ஒரு விரிப்பு வந்துவிடும். உள்ளே பஞ்சு வேண்டாம், நம் வெயிலுக்குத் தாங்காது, துவைத்தாலும் சீக்கிரம் காயாது. துண்டுகளைத் தரையில் அடுக்கி, நடுவிலிருந்து ஓரத்தைப் பார்த்துத் தடவிச் சுருக்கம் எடு. பிறகு பிரிக்க வசதியாகத் தளர்ந்த தையல் போட்டு நிறுத்திக்கொள். அப்புறம் இரண்டு விரல் இடைவெளியில் வரிவரியாக ஓடு தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராகப் போகிற தையல், அவ்வளவுதான் வித்தை. நீ ஆன்லைனில் வாங்கியிருக்கிற அந்தக் குட்டி மிஷினில் இதை முயற்சி பண்ணாதே. நாலு மடிப்பை அது தாங்காது, ஊசி ஒடியும். இது கைவேலை.

வங்காளத்தில் காந்தா என்பது இதே வேலைதான். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, அந்த நூலால் தைத்தார்கள். பூவும் மீனும் பிறகு அந்தத் தையலிலேயே வந்தன. நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்திகள் என்ற ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்கள் தைக்கிற கவண்டி என்ற ஒட்டுத்துணி விரிப்பு எனக்கு இன்னும் பிடிக்கும். அவர்கள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். போகப்போகக் கையில் கிடைத்த துண்டை மடித்து வைத்துத் தைப்பார்கள், முன்கூட்டி வரைந்துகொள்வதெல்லாம் கிடையாது. நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த குட்டித் துணிகளைப் பூ மாதிரி வைத்தால்தான் கவண்டி முழுமையானது என்பது அவர்கள் வழக்கம். அது இல்லாவிட்டால் விரிப்பு அம்மணமாக இருப்பதாகச் சொல்வார்களாம். தேவையே இல்லாத அந்த நாலு மூலைக்காக அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் பார்.

ஒன்றை மறக்காதே. விரிப்பு பாய்மேல் போட்டுக் குழந்தையைக் கிடத்துவதற்கு. தூங்கும்போது போர்த்துவதற்கு இல்லை, முகத்தை மூடிக்கொண்டால் ஆபத்து. தோழியிடமும் இதைச் சொல்லியே கொடு.

மிச்சத் துணியில் இரண்டு ஜப்லா தேறும். இதற்கு உன் மிஷின் போதும், பதினொன்றாம் நம்பர் ஊசி போட்டுக்கொள். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி வெட்டு. கழுத்து நிற்காத குழந்தைக்குத் தலை வழியாக உடுப்பு மாட்டச் சொன்னால் புது அம்மாவுக்கு அழுகையே வந்துவிடும். பட்டனும் வேண்டாம், ஹூக்கும் வேண்டாம், நாடா போதும். அதையும் கழுத்தில் வைக்காமல் மார்புக்குப் பக்கவாட்டில் வை, முடிச்சுப் போட்டபின் தொங்கக் கூடாது. கழுத்து வளைவுக்குக் கிராஸ் துண்டு, அதாவது துணியை மூலைவாட்டில் சாய்த்து வெட்டின துண்டு, எடுத்துப் பட்டி அடி, நேர்த்துண்டு வளைவில் சுருங்கிக்கொண்டு நிற்கும். பக்கத் தையல் இரண்டு முறை. முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து ஓரத்தில் ஒரு தையல், பிறகு திருப்பிப்போட்டு உள்பக்கம் இன்னொன்று. வெட்டின ஓரம் இரண்டுக்கும் நடுவில் அடைபட்டுவிடும், பிசிறு வெளியே வந்து குழந்தையை உறுத்தாது.

அளவைக் கொஞ்சம் பெரிதாகவே வை. குழந்தைகள் ஐந்து மாதத்தில் பிறந்த எடைக்கு இரண்டு மடங்கு ஆகிவிடும். எல்லாரும் பிறந்த குழந்தை அளவில் வாங்கிக் குவித்திருப்பார்கள், உன்னுடையது நாலாம் மாதம் வெளியே வரும்.

இதில் உனக்கு என்ன லாபம் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். பரிசு வாங்குகிறவரைவிடச் செய்கிறவருக்கே சந்தோஷம் ஜாஸ்தி. கடையில் பத்து நிமிஷத்தில் கார்டைத் தேய்த்துவிட்டு வந்தால் அந்தப் பத்து நிமிஷத்தில்கூட நீ உன் தோழியை நினைத்திருக்கமாட்டாய், பில்லைத்தான் பார்த்திருப்பாய். ஓடு தையல் போடும்போது கைக்கு வேலை இருக்கும், தலை சும்மா இருக்கும். ஹாஸ்டலில் அவளோடு போட்ட சண்டை, அவள் கடன் வாங்கித் திருப்பாத சுடிதார் எல்லாம் தானாக ஞாபகம் வரும். அரை மணி நேரம் போனைத் தொடாமல் இருந்தோம் என்பதே பிறகுதான் தெரியும். ஒரு வரி கோணலாகப் போனால் பிரிக்காதே, அடுத்த வரியை நேராகப் போடு. துணி வலுவாக நிற்கிறதா என்று மட்டும் பார்.

கொடுப்பதற்கு முன்னால் சாதாரண சோப்பில் ஒரு தடவை அலசி, வெயிலில் காயவைத்து மடித்துக் கொண்டு போ. கொடுக்கும்போது "சும்மா நானே தைத்தது, சரியா வரலை" என்று இழுக்காதே. அந்த ஒரு வாக்கியம்தான் நல்ல பொருளை மட்டமாக்கும். "பயப்படாமல் வாஷிங் மிஷினில் போடு" என்று மட்டும் சொல். எடுத்து வைக்க வேண்டிய பொருள் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிடும். கொலுசு கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், அதுவும் நல்லதுதான், குழந்தைக்கு இரண்டு கால் இருக்கிறதே.

முந்தானையைத் தனியாக வைக்கச் சொன்னேன் அல்லவா, அதில் நல்ல பகுதி இருந்தால் விரிப்பின் மேல்மடிப்பாகப் போடலாம், ஜரிகை இருந்தால் வேண்டாம், குத்தும். கத்தரி வைப்பதற்கு முன்னால் சேலையை வெளிச்சத்தில் பிடித்து, எங்கெங்கே இற்றுப்போயிருக்கிறது என்று பார்த்து ஒரு போட்டோ அனுப்பு. எந்த இடத்தை எதற்கு எடுக்கலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை