பழைய தோட்டக் கையேடுகளை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய தோட்டக்கலைத் துண்டுப் பிரசுரங்களில் இருப்பதெல்லாம் காலாவதியான யோசனைகள், எடைக்குப் போட்டுவிடலாம் என்று சென்ற இதழின் தோட்டப் பக்கத்தில் படித்தேன். காலாவதியானவை நிறைய உண்டு, சரி. எடைக்குப் போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பிரசுரங்களின் தோரணையே தனி. 'செய்து பார்க்கலாம்' என்ற பேச்சே கிடையாது. 'இடுக', 'தூவுக', 'அகற்றுக' என்று கட்டளைதான். காய்கறிப் பாத்தியில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைத் தூவச் சொல்லும்போதும் அதே மிடுக்கு! அது பூச்சியைக் கொல்லும் என்று சுவிஸ் வேதியியலாளர் பால் முல்லர் கண்டுபிடித்தது 1939-இல். அதற்காக நோபல் பரிசு 1948-இல். பயிர்களுக்கு அடிக்கக் கூடாதென்று அமெரிக்கா தடை போட்டது 1972-இல். ஆண்டு அச்சிடாத பிரசுரம் கையில் கிடைத்தால், எந்த மருந்தைப் புகழ்கிறது என்று பார்த்தே அதன் வயதை ஓரளவு ஊகிக்கலாம். ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஈய ஆர்சனேட் என்ற பூச்சிமருந்து என்றால் இன்னும் பழையது. அந்த ஈயம் சில பழத்தோட்டங்களின் மண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

தொட்டியின் அடியில் ஓட்டுச்சில் பரப்பும் யோசனைக்கு மட்டும் சாவே இல்லை. நீர் நன்றாக வடியும் என்பது நம்பிக்கை. உண்மையில் மண் நன்றாக நனைந்து ஊறிய பிறகுதான் நீர் சில்லுக்குள் இறங்கும். தேங்கும் ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆனால் போர்டோ கலவை பற்றிய பக்கத்தைப் படித்துப் பாருங்கள். 1885 வாக்கில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பிறந்த பூஞ்சண மருந்து, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மயில்துத்தத்தையும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. அப்புறம், தேய்த்துத் துலக்கிய கத்தி ஒன்றைக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுக்க வேண்டும். அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் விட்டு மறுபடி கத்தியை முக்கு. படிப்பவர் கண்ணை நம்பி எழுதியது இது. இன்றைய மருந்து டப்பாக்களின் பொடி எழுத்தில் இந்த மரியாதையை நான் காணவில்லை.

ஒட்டுக்கட்டும் படங்களும் அப்படியே. ஒரு கை, ஒரு கத்தி, பட்டையில் ஆங்கில 'டி' (T) வடிவக் கீறல். வேறொன்றும் கிடையாது. வண்ணப் புகைப்படத்தில் இந்தத் தெளிவு வராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இதழுக்கு ஒரு பழைய பக்கத்தை அப்படியே வெளியிடுங்கள். எது இன்று ஆகாது என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். டி.டி.டி. பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பக்கத்தின் நெடுநாள் வாசகர்