'எதற்காக?' என்ற அந்த ஒரு வரி இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் ஒரு கடிதம் வந்திருந்தது. துப்பாக்கி உரிமம் கேட்பவரிடம் 'இது உனக்கு எதற்கு?' என்று அரசு கேட்பதே தேவையற்றது என்றும், பணமும் நன்னடத்தையும் உள்ளவர் தமக்குப் பிடித்த துப்பாக்கியை, அது எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், வாங்கிக்கொள்ள விட்டுவிட வேண்டும் என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். கடிதத்தில் ஆர்ப்பாட்டம் ஏதும் இல்லை. அதனால்தான் பதில் எழுதத் தோன்றியது. நான் துப்பாக்கியைக் கண்டு அஞ்சுகிறவன் அல்லன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உரிமம் வைத்திருக்கிறேன். அவர் நீக்கச் சொல்லும் அந்தக் கேள்வி மட்டும் இல்லாதிருந்தால், ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டின் இரும்பு அலமாரிக்குள் இன்று யானையைச் சாய்க்கும் ரைஃபிள் ஒன்று கிடந்திருக்கும், அதை வாங்கிய மடையன் நானாக இருந்திருப்பேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் தந்தைக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. வேர்க்கடலை போட்ட ஆண்டுகளில் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாக இறங்கிக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்று அவர் வாங்கியது '12 போர்' என்னும் அளவுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி. நான் அறிந்தவரை அதை அவர் வானத்தை நோக்கித்தான் பெரும்பாலும் வெடித்திருக்கிறார்; சத்தத்துக்கே பன்றிகள் ஓடிவிடும். 1998இல் அவர் மறைந்த பிறகு அது முறைப்படி என் பெயருக்கு வந்தது. உரிமத்தைப் புதுப்பிக்க வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்குப் போவேன். தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவேன். முடிவுகள் வந்த பிறகு திரும்ப எடுத்து வருவேன். மற்றபடி அதற்கு எண்ணெய் போடுவதைத் தவிர எனக்கும் அதற்கும் உறவு கிடையாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதன் விசைக்கு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதென்று நகரின் பழைய துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். வேலை முடிகிற வரையில் உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரர் உள்ளேயிருந்து கம்பளித் துணி சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். ஆனைமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் துரையாக இருந்தவர் விட்டுச்சென்றது, இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கிறது, .375 மேக்னம் என்றார். அந்த எண் அங்குலத்தில் குழலின் அளவு; மேக்னம் என்றால் வலு கூடிய தோட்டா.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் டூல் ரூமில் 34 ஆண்டுகள் லேத்திலும் கிரைண்டரிலும் நின்றவன் நான். ஒரு இரும்புத் துண்டைக் கையில் எடுத்தால் அதைக் கடைந்தவன் அவசரத்தில் கடைந்தானா, ஆற அமரக் கடைந்தானா என்று சொல்லிவிடுவேன். அந்த ரைஃபிளின் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையை, பின்னுக்கு இழுத்தபோது பக்கவாட்டில் ஆட்டமே இல்லை. அரை தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பாதி, இடைவெளி இருந்தால் பெரிது. கணினியால் ஓடும் சி.என்.சி. இயந்திரங்கள் இல்லாத காலத்தில் எவனோ ஒருவன் அரத்தைக் கையில் பிடித்து, புகைக்கரி பூசிப் பார்த்து, உரசுகிற இடத்தை மட்டும் சுரண்டி அந்தப் பொருத்தத்தைக் கொண்டுவந்திருக்கிறான். வால்நட் கட்டையின் ரேகை குழலின் போக்கிலேயே ஓடியது. கையில் எடுத்ததை நான் கீழே வைக்க நேரமாயிற்று. கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். விலையை அப்போது சொல்லவில்லை, நான் கேட்கும் வரை காத்திருந்தார்.

அந்த ரைஃபிள் எந்த வேலைக்குப் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912இல் கொண்டுவந்த தோட்டா அது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் யானை, காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகளைச் சட்டப்படி வேட்டையாடுகிறவர் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவே .375 தான். குழலைவிட்டு வெளியேறும் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 5,800 ஜூல்; போட்டிகளில் சுடும் .22 ரைஃபிளைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு. நான் இருப்பதோ மாட்டைத் தவிர வேறு பெரிய விலங்கு நடமாடாத ராயபுரம்.

இருந்தும் ஏறக்குறைய மூன்று மாதம் அது என்னை விடவில்லை. தேவையில்லாத ஒன்றின் மேல் ஆசை வந்தவனின் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதை அந்த மாதங்களில் நன்றாகப் பார்த்தேன். முதலில் 'இது முதலீடு' என்று சொல்லிக்கொண்டேன். 1980களின் நடுவிலிருந்து சாதாரணக் குடிமகன் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய வழியில்லை என்பதால், உள்ளே இருக்கும் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளுக்கு விலை ஏறிக்கொண்டேதான் போகிறது. தங்கம் வாங்குவதில்லையா என்று வாதாடினேன். பிறகு 'இது கைவேலை' என்றேன். பிறகு 'சட்டமே இடம் தருகிறதே' என்றேன். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிகளே வைத்துக்கொள்ள முடியும். என்னிடம் இருப்பது ஒன்று. ஆக இன்னொன்றுக்கு இடம் காலியாக இருக்கிறது என்பது அந்த நாளில் எனக்கு ஒரு பெரிய நியாயமாகத் தோன்றியது. ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்பதற்காக விருந்தாளியைத் தெருவில் தேடுகிறவனைப் போல இருந்தேன்.

விலை என் இரண்டு ஆண்டு ஓய்வூதியத்துக்கு மேல். தோட்டா தனி, அதுவும் கிடைத்தால். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, எங்க வைப்பீங்க? அரிசி மூட்டைக்குப் பக்கத்துலயா?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதபோது வருகிற கோபம் அது.

வலுவான துப்பாக்கி வைத்திருந்தால் திறமையும் கூடவே வரும் என்கிற எண்ணம் எனக்கும் உள்ளூர இருந்தது. நண்பர்கள் சிலருக்கு இன்றும் இருக்கிறது. வேட்டையின் வரலாறே அதற்கு எதிராகப் பேசுகிறது. ஸ்காட்லாந்துக்காரரான பெல் என்பவர் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அந்தக் கணக்கை நான் மெச்சவில்லை, நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் வீழ்த்தியது மானுக்குப் போதும் என்று கருதப்பட்ட 7 மில்லிமீட்டர் சிறு ரைஃபிளால். யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகத் தரப்பட்ட, ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிளும் அதே 7 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடுவதுதான். நம் காலத்துக்கு வந்தால், 2008இல் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது, வெடிமருந்தே இல்லாத, காற்றால் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே சுட்டது .22, அவர் நம் ரயில்வேக்காரர் என்பதால் அந்த வாரம் முழுக்க எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

பெரிய ரைஃபிள் தோளில் கொடுக்கும் உதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தந்தையின் 12 போரே முதல் முறை சுட்டபோது என் தோளில் இரண்டு நாள் நீலம் கட்டியது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் வெடிக்கும் முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விசையை அழுத்துவதற்குப் பதில் வெடுக்கென்று இழுக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதைப் போக்க ஓராண்டு ஆயிற்று. .375 அதைவிடப் பொல்லாதது. உதைக்கு அஞ்சுகிறவன் கையில் துப்பாக்கியின் வலு கூடக்கூட, குறி விலகிக்கொண்டே போகும்.

சரி, வாங்கி எங்கே சுடுவேன்? 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கொரு திருத்தமும் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்பது இந்த நாட்டில் கிடையாது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடத் தமிழ்நாட்டில் இப்போது வழி செய்திருக்கிறார்கள் என்றாலும், சுடுவது வனத்துறையினர். காப்புக் காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கும் அதற்கு உண்டு. நானோ என் நண்பர்களோ தோளில் மாட்டிக்கொண்டு போக முடியாது. 'தற்காப்புக்கு' என்று அந்த வாசகர் சொல்வார். எங்கள் தெருவின் அகலம் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய அளவு. வீடுகளுக்கு இடையே இருப்பது நாலரை அங்குலச் சுவர். காட்டெருமையின் தோளெலும்பை உடைத்து உள்ளே போவதற்கென்று செய்த குண்டு, திருடனைத் துளைத்துவிட்டு அந்தச் சுவரில் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. அடுத்த வீட்டில் கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டிருக்கிறார்கள். மொட்டை மாடியிலிருந்து தவறி வெடித்தால் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறந்து விழும். எங்கள் வீட்டிலிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகமும், விடியற்காலையில் அங்கே ஏலத்துக்குக் கூடும் கூட்டமும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன். அதில் ஆயுதம் எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. பெயர், முகவரி, பழைய உரிமத்தின் எண் எல்லாம் எழுதிவிட்டு அந்த இடத்துக்கு வந்தேன். முதலீடு என்று எழுத முடியாது. போல்ட் ஆடவில்லை, கட்டையின் ரேகை அழகு என்றும் எழுத முடியாது. தற்காப்பு என்று எழுதலாம். ஆனால் யாரிடமிருந்து என்று அடுத்து கேட்டால் சொல்ல எனக்கு ஒரு எதிரிகூட இல்லை. கடன் கொடுத்து ஏமாந்த ஒருவர் உண்டு, அவர் என்னைக் கண்டால் சந்துக்குள் திரும்பிவிடுகிறார். பேனாவை மூடி வைத்தேன். மறுநாள் எழுதலாம் என்றிருந்தேன். மறுநாளும் அந்த இடம் அப்படியே இருந்தது.

650 சி.சி. பைக் வாங்குகிறவனிடம் யாரும் 'எதற்கு' என்று கேட்பதில்லையே என்று அந்த வாசகர் எழுதியிருக்கிறார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்துப் பாலங்களில் இரவு பதினொரு மணிக்கு மேல் நின்று பார்த்தால், பைக்குக்கும் ஒரு கேள்வி இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் பைக்கை வாங்கியவன் அதை ஓட்டியாவது தீர்த்துக்கொள்கிறான். வலுவான ரைஃபிளை வாங்கிவிட்டுச் சுட இடமில்லாதவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பான் என்று சொல்ல முடியாது. உரிமமே தேவைப்படாத சிறு ஏர் கன் செய்கிற வேலையையே நாங்கள் பார்க்கிறோம். வடசென்னையில் புறா வளர்ப்பவர்களுக்குக் குறைவில்லை என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். என் எதிர்வீட்டுத் தம்பியின் பந்தயப் புறா ஒன்று, ஆந்திரத்தில் திறந்துவிட்ட இடத்திலிருந்து அவ்வளவு தூரம் பறந்து, வீட்டுக்கு நாலு தெரு முன்னால் இறக்கையில் ரவை பட்டு விழுந்தது. சுட்ட பையன் பிடிபட்டபோது, புதிதாக வாங்கியதைச் சும்மா எவ்வளவு நாள் வைத்திருப்பது என்றான். பதினாறு வயது. அவன் சொன்னதை என்னால் முழுதாகக் குறைசொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்த .375 என் கைக்கு வந்திருந்தால் நானும் ஏதாவது ஒரு சாக்கில் அதை ஒரு முறை வெடித்துப் பார்த்திருப்பேன்.

எனவே அந்த வாசகருக்கு என் வேண்டுகோள் இதுதான்: உரிமம் தருவதில் தாமதம், அலைச்சல் இவற்றைக் குறைக்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். என்னை நிறுத்தியது அதிகாரி அல்லர், கட்டணம் அல்ல, என் மனைவியின் கேலிகூட அல்ல.

பி.கு.: தந்தையின் இரட்டைக் குழலுக்கு அடுத்த ஆண்டு உரிமம் புதுப்பிக்க வேண்டும். ஊத்துக்கோட்டை நிலத்தை எப்போதோ விற்றுவிட்டோம். அது இப்போது கல் நட்ட மனைப்பிரிவு, பன்றி வருவதில்லை. 'பயிர்ப் பாதுகாப்பு' என்ற பழைய சொல்லை அந்த இடத்தில் இனி எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் துப்பாக்கி இருப்பது ஊரறியத் தேவையில்லை என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர்,
ராயபுரம், சென்னை – 600 013.