செட்டா, சேடா?

பினாங்கு,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

வியாழன் இரவு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜால் உன் அம்மா இன்னும் சரியாகப் பசியாறவில்லை. மொத்தமே நாலு விநாடி. "ஐ எம் செட்ப்பா, டோன்ட் வொரி." வீடு கிடைத்துவிட்டது, எல்லாம் ரெடி என்று நான் எடுத்துக்கொண்டேன். அம்மா காதில் 'சேட்' என்று விழுந்திருக்கிறது. பிள்ளை அங்கே சோகமாக இருக்கிறது, நீங்கள் பேப்பர் படிக்கிறீர்கள் என்று ஒரே ஏச்சு. அவளைக் குறை சொல்ல முடியாது. நம் மலேசிய வாயில் பேடும் பெட்டும் ஒன்றுதான். செட்டும் சேடும் மட்டும் தனித்தனியாகவா வரும்?

அகராதியில் பார்த்துச் சமாதானம் சொல்லப் போனேன். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில், வினைச்சொல்லாக மட்டும் 'செட்'டுக்கு 430 பொருளாம். அப்புறம் 'ரன்' 645 என்று முந்திவிட்டது, அது வேறு கதை. உட்காரவை என்பதுதான் அதன் பழைய பொருள். நகை செட், டீ செட் என்கிறோமே, அது வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து இதோடு ஒட்டிக்கொண்டது. நம் 'படி' மட்டும் லேசா? ஏறுகிறோம், அரிசி அளக்கிறோம், பாடம் படிக்கிறோம், கலங்கிய தண்ணீரில் மண்ணும் படிகிறது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "அந்த 430-இல் என் பிள்ளை சொன்னது எது?"

அவளுக்குத் தெரிந்த செட், மேசைமேல் ஆறும் அகார் அகார் ஜெல்லி. தட்டை லேசாகச் சாய்ப்பாள். நடு ஆடினால் இன்னும் செட் ஆகவில்லை. ஓரம் கெட்டியாக இருப்பதை அவள் என்றைக்கும் நம்பியதில்லை.

எனக்குத் தெரிந்தது அச்சக செட். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாற்றிக் கோப்போம். பக்கம் முடிந்ததும் சுற்றிக் கயிறு கட்டவேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகை, முதலாளி தவுக்கே "செட் ஆச்சா?" என்று கேட்டார். கயிறு இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் "செட், தவுக்கே" என்றேன். தூக்கியதும் மாப்பிள்ளை, பெண், முகூர்த்த நேரம் எல்லாம் தரையில் கொட்டிவிட்டது. பொறுக்கி அடுக்க ராத்திரி ஆகிவிட்டது. கொம்பு எழுத்துகளைத் தேடி மிஷின் அடியில் தவழ்ந்தேன். அதிலிருந்து யார் 'செட்' என்றாலும் என் கண் கயிற்றைத்தான் தேடும்.

நேற்று அம்மா தூங்கிய பிறகு இயர்போன் போட்டு மறுபடி கேட்டேன். 'செட்ப்பா'வுக்கும் 'டோன்ட் வொரி'க்கும் நடுவில் நீ மூச்சை உள்ளே இழுக்கிறாய். முதலில் அதை நான் கவனிக்கவே இல்லை. மூன்று தடவை போட்டேன். மூன்றாவது தடவை எனக்கும் அது செட் மாதிரி கேட்கவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. இன்றைக்குப் போன் பண்ணு, இங்கே நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை. தமிழிலேயே பேசு.

அப்பா