குதிரைகளை அறிந்த ஒருவர் நம் நகரில் இருக்கிறார்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பொலிஸ் குதிரைப்படைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் நுவரெலியாவில் எங்கள் வீதியில் வசித்து வருகிறார். ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் அமர்ந்திருக்கக்கூடிய வயதிலும், அவர் அதிகாலைப் பனியில் கிரகரி வாவிக் கரைக்கு நடந்து சென்று, சவாரிக்கு விடப்படும் மட்டக்குதிரைகளைப் பார்வையிடுகிறார். கடந்த வாரம் நொண்டிய குதிரையொன்றின் தோளோடு தன் தோளைச் சாய்த்து, காலை மெல்ல வருடிக் கீழிறங்கி, குளம்பை மடியில் ஏந்தி, இடுக்கில் சிக்கியிருந்த கூழாங்கல்லைக் கொக்கியால் எடுத்ததை நான் அருகிருந்து கண்டேன். குதிரை அசையவே இல்லை.

குளம்புகளை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை செதுக்க வேண்டும் என்றும், குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பதால் அது விழுங்கும் பொலித்தீன் குடலை அடைத்து உயிரையே பறிக்கலாம் என்றும் அவர் குதிரைக்காரப் பிள்ளைகளுக்குச் சலிக்காமல் சொல்லித் தருகிறார். அவரிடம் கற்ற பிள்ளைகள் இப்போது சேணத்தை இறக்கியவுடன் முதுகில் புண் இருக்கிறதா என்று தாமாகவே தடவிப் பார்க்கிறார்கள்.

1875 இலேயே குதிரைப் பந்தயம் தொடங்கிய நகரம் இது. ஏப்ரல் வசந்தகாலக் கூட்டம் வருவதற்கு முன்னர், உரியவர்கள் இப்பெரியவரை அழைத்து, கொடுப்பனவும் வழங்கி, சவாரிக் குதிரைகளைப் பரிசோதிக்கும் பொறுப்பை மிருக வைத்தியருடன் இணைந்து அவரிடம் ஒப்படைக்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நுவரெலியா.