முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பதிவேடுகளைக் குடும்பத்தாருக்கு வழங்க உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
பராமரிப்பு இல்லத்தில் தாயைப் பறிகொடுத்த மகள்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
முதியோர் நலத்துறை

பொருள்: பராமரிப்பு இல்லத்தின் அலட்சியத்தால் ஏற்பட்ட தொற்று – பதிவேடுகளின் நகல் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பக்கவாதத்தில் நடமாட்டம் இழந்த என் அம்மா 14 மாதங்கள் ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் அவருடைய முதுகெலும்பு முடியும் இடத்தில் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்ததைப் பார்த்தேன். கட்டைப் பிரித்த நர்ஸ் ஒன்றும் பேசவில்லை; எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். உள்ளே எலும்பு தெரிந்தது. நான்காம் நிலைப் படுக்கைப் புண் என்று டாக்டர் எழுதினார். தொற்று ரத்தத்தில் கலந்து, உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் செப்சிஸ் ஆகி, 9ஆம் நாள் அம்மா இறந்துவிட்டார்.

"வயசானவங்களுக்குப் புண் வரத்தானே செய்யும்" என்றார் இல்லத்தின் மேலாளர். எலும்பு தெரிகிற அளவுக்கா? முதலில் தோல் சிவக்கும், அழுத்தினால் அந்தச் சிவப்பு மறையாது. அப்புறம் தோல் உரியும், பிறகு கொழுப்பு, தசை என்று உள்ளே இறங்கும். சிவப்பாக இருக்கும்போதே கவனித்து, பொதுவாகச் சொல்வதுபோல 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, ஈரத்தைத் துடைத்துவந்தால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ரத்த ஓட்டம் மிகவும் குன்றியவர்களுக்கு நல்ல கவனிப்பிலும் புண் வரக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு நடந்தது எது என்று சொல்ல, எந்தெந்த நேரத்தில் திருப்பிப் படுக்கவைத்தார்கள் என்று டிக் போட்டுவைக்கும் சார்ட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை.

இல்லத்தில் இருந்த கடைசி இரண்டு வாரம் அம்மா என்னை அடையாளம் தெரியாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை, அதனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள் இல்லத்தார். முதியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் இல்லாமலே இருக்கலாம், திடீர்க் குழப்பமே முதல் அறிகுறியாக இருக்கலாம் என்பது ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாயும் மாதக்கணக்கில் இருந்தது. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று அபாயம் கூடும். அது இன்னும் தேவையா என்று யாராவது பார்த்தார்களா, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

நான்கு கடிதம் எழுதிய பிறகு, அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த சார்ட்டின் ஒரே ஒரு பக்கத்தைப் பார்க்கவிட்டார்கள். போட்டோ எடுக்கக் கூடாதாம். ஆம்புலன்ஸ் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பியது விடியற்காலை 3 மணிக்கு. அந்தத் தாளில் 4 மணிக்கு டிக், 6 மணிக்கு டிக், 8 மணிக்கும் டிக். காலிக் கட்டிலில் யாரைத் திருப்பினார்கள் என்று தெரியவில்லை.

வக்கீலைப் பார்த்தேன். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம், உரிமம் தரும் அதிகாரியிடம் புகார் செய்யலாம், அலட்சியம் குற்றமாகும் அளவில் இருந்தால் போலீசுக்கும் போகலாம் என்றார். எங்கே போனாலும் முதலில் கேட்பது பதிவேட்டைத்தான். வழக்குப் போடக் காலக்கெடு உண்டு. இல்லத்தார் இழுத்தடித்தாலே போதும், அது கடந்துவிடும். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தரிடம்தான் போக வேண்டும் என்று சேர்க்கும்போது கையெழுத்து வாங்கிய தாளில் ஒரு வரி இருக்கிறதாம். அன்றைக்கு இருந்த நிலையில் யார் அதைப் படித்தார்கள்!

ஆகவே, திருப்பிப் படுக்கவைத்த சார்ட், புண் பதிவு, குழாய் மாற்றிய விவரம், அந்தந்த ஷிப்டில் வேலையில் இருந்தவர்களின் பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகலை, நோயாளியோ வாரிசோ கேட்ட 7 நாளுக்குள் தரவேண்டும் என்று உத்தரவிட வேண்டுகிறேன். புகார் வந்த அன்றே அசல் பதிவேடுகளைத் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் டிக்குகள் இன்னும் பெருகும். தோல் சிவந்தாலே அன்றைக்கே குடும்பத்துக்குத் தகவல் சொல்வதையும், இல்லங்களில் முன்னறிவிப்பில்லாத இரவு ஆய்வையும் கட்டாயமாக்க வேண்டும்.

அம்மாவின் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவருக்கும் தானாகப் புரள முடியாது. மற்றவை கோப்பில் நகர நாளாகும் என்று தெரியும். அந்த இல்லத்தில் ஓர் இரவு ஆய்வை மட்டும் இந்த வாரமே நடத்துங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: ஆஸ்பத்திரி சிகிச்சைக் குறிப்பு, இல்லத்துக்கு எழுதிய 4 கடிதங்களின் நகல், ஆம்புலன்ஸ் ரசீது.